இல்லை என்று சொன்ன ஸ்கிரிப்ட்

புலம்பல் என்றாலே எனக்கு ஆகாது. மனுஷர் புலம்பினாலும் சரி, மெஷின் புலம்பினாலும் சரி, முதலில் வாயை அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. இதை ரொம்ப நாள் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. கீழே விசாரணை மேசையில் இருக்கும் அக்காவுக்காக ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது ஷெல் என்ற மென்பொருள் வரிவரியாகப் படித்து நிறைவேற்றும் சின்னக் கட்டளைத் தொகுப்பு, எழுதிக் கொடுத்தேன். பெயரை அடித்தால், உள்நோயாளிப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரோடும் ஒப்பிட்டு எந்த வார்டு என்று சொல்லும். கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று வரும். மாதிரிப் பட்டியல் ஒன்றில் நாலைந்து பெயர் போட்டுப் பார்த்தேன், எல்லாம் ஒற்றைச் சொல் பெயர்கள். டாண் டாண் என்று பதில் வந்தது.

மறுநாளே அக்கா கூப்பிட்டார். “பதிலுக்கு முன்னாடி இங்கிலீஷ்ல என்னமோ வரிவரியா ஓடுதுப்பா. ‘டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்’னு.”

“பதில் சரியா வருதில்ல?”

“வருது.”

“அப்புறம் என்னக்கா, அது கெடக்கு கழுத.”

பிழைச் செய்தி எதுவும் திரைக்கு வராதபடி ஒரு சின்ன மாற்றம் செய்தேன். அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

பத்து நாள் கழித்து ஒரு லாரி மெக்கானிக் வந்தார். விபத்தில் அடிபட்ட தம்பியை எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாமல் அலைந்துகொண்டிருந்தார். ஏதோ சண்டையில் இருவரும் பேசி இரண்டு வருஷமாம். அக்கா பெயரை அடித்தார். இல்லை. மற்ற ஆஸ்பத்திரிகளை எல்லாம் அலசிவிட்டு மறுநாள் மத்தியானம் திரும்ப வந்தார். அப்போதும் இல்லை.

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. எனக்குப் போன் போட்டார். “எதுக்கும் வார்டுல ஒருதடவ கேட்டுப் பாக்கட்டுமா? மனுஷன் அழுதுகிட்டே நிக்கிறாரு.”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “மெஷின் இல்லைன்னா இல்லதான்க்கா. வேற எடத்துல தேடச் சொல்லுங்க” என்று எரிந்து விழுந்தேன்.

அதற்கு மறுநாள் காலை, இறந்தவர் பட்டியலில் அக்கா அந்தப் பெயரைப் பார்த்தார். எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, மூன்றாம் மாடி வார்டில் இருந்திருக்கிறார்.

பெயர் இரண்டு சொல், நடுவில் ஓர் இடைவெளி. மேற்கோள் குறிக்குள் வைக்காத பெயரை ஷெல் அந்த இடைவெளியில் வெட்டி, இரண்டு தனிச் சொற்களாக ஒப்பிடும் கட்டளையிடம் கொடுக்கும். ஒன்று எதிர்பார்த்த இடத்தில் இரண்டு வந்தால் கட்டளை ‘டூ மெனி ஆர்கியுமென்ட்ஸ்’ என்று கத்திவிட்டு விலகிக்கொள்ளும். ஒப்பீடே நடக்காது. நடக்காததையும் என் ஸ்கிரிப்ட் ‘இல்லை’ என்றே சொன்னது. பட்டியலில் இரட்டைச் சொல் பெயர் வரும்போதெல்லாம் அது கத்தியிருக்கிறது. பாவி, நான்தான் வாயைப் பொத்தி வைத்திருந்தேன்.

மெக்கானிக்கிடம் நானே போய்ச் சொன்னேன். அக்கா தகவல் சொல்லி வந்தவர், பிணவறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஷெல், இடைவெளி என்று என்னென்னவோ உளறினேன். அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

“எந்த மாடி?”

“மூணு.”

“நான் ரெண்டு நாளும் கீழ வந்து நின்னேனே.” மாடிப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “என்னைக் கேட்டானா?”

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. மூன்றாம் மாடி நர்ஸிடம் விசாரித்திருந்தேன், அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். விபத்தில் தம்பியின் போன் நொறுங்கிவிட்டதாம், அண்ணன் நம்பர் ஞாபகம் வரவில்லையாம். கதவு திறக்கும்போதெல்லாம் “அண்ணன் வந்துட்டாரா?” என்று கேட்டிருக்கிறார். யாரும் வரவில்லை என்று நர்ஸும் சொல்லியிருக்கிறார்.

“எனக்கு இன்னும் கோவம் தீரலைன்னு நெனச்சிருப்பான்” என்றார்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்துகொண்டார்.

“நீங்க போங்க. நான் வந்துட்டேன்னு அவன்கிட்ட சொல்லணும்.”