இன்ஸ்பெக்டருக்குப் போட்ட சால்வை

புதுமனை புகுவிழாவுக்குச் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டால் போதும். நெல் வியாபாரி பஞ்சநதம் இன்ஸ்பெக்டரையும் கூப்பிட்டார். லாரியில் நெல் ஏற்றுகிறவன் சாமிக்குக் கும்பிடு போட மறந்தாலும் ஸ்டேஷனுக்குப் போட மறக்கக் கூடாது என்பது கீழ்வேளூர்ப் பக்கத்து வியாபாரிகளின் சாஸ்திரம். இன்ஸ்பெக்டரும் வந்தார். மாடி வரை ஏறிப் பார்த்தார், பாயசத்தை இன்னொரு தரம் கேட்டு வாங்கிக் குடித்தார். பஞ்சநதம் அவருக்குச் சால்வை போர்த்தினார். பின்னால் நின்ற பிளெக்ஸில், வீடு கட்டப் பணம் அனுப்பிய மகன் பரணிதரன் கோட்டு சூட்டோடு சிரித்துக்கொண்டிருந்தான். 'லண்டன் பரணிதரன் இல்லம்' என்ற எழுத்து மாரியம்மன் படத்தைவிடப் பெரிது. கூத்தாநல்லூர் யூனுஸ் அத்தனையையும் ட்ரோன் விட்டுப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றினான்.

மகன் மட்டும் வரவில்லை. லீவு கிடைக்கவில்லை என்று ஊருக்குச் சொன்னார்கள். மருமகள் வானதியும் அதைத்தான் நம்பியிருந்தாள், அவன் போன் வருகிற வரைக்கும்.

"அந்த வீடியோவை யார் போட்டது?" பரணியின் குரல் அடங்கியிருந்தது.

"யூனுஸ்தான். நல்லாருக்குல்ல? மாமா நெல்லு போட வர்றவங்களுக்கெல்லாம் காட்டிக்கிட்டிருக்காங்க."

"உடனே எடுக்கச் சொல்லு. நாளைக்கு எனக்கு இன்டர்வியூ."

"வேற கம்பெனியா?"

"கம்பெனி இல்ல. அசைலம்."

அப்புறம்தான் எல்லாம் வெளியே வந்தது. படிக்கப் போன விசா எப்போதோ முடிந்துவிட்டது. செய்கிற வேலை ஒளிந்து செய்கிற வேலை. ஊர் திரும்பினால் உயிர் போகும் என்று சொல்லி அடைக்கலம் கேட்பதுதான் மிச்சமிருக்கிற வழி என்று ஒரு ஏஜென்ட் சொன்னான். கதையையும் அவனே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தான். வயலில் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்துப் பரணி போராடினான், போலீஸ் இழுத்துப்போய் அடித்தது, வீட்டைக் கொளுத்தியது, திரும்பி வந்தால் சுட்டுத் தள்ளும்.

"கொளுத்துன வீட்டுலயா பால் காய்ச்சினோம்?" என்றாள் வானதி.

"அதத்தான் சொல்றேன்."

"போலீஸ்னா எந்தப் போலீஸ்?"

"நெசப் பேரா இருந்தா கனம் கூடும்னு ஏஜென்ட் சொன்னான். எனக்குத் தெரிஞ்ச போலீஸ் பேரு ஒண்ணுதான். அப்பா சால்வை போட்டாரே, அவரு."

வானதி சுவரைப் பார்த்தாள். பெயிண்ட் வாசனை இன்னும் போகாத சுவர்.

"கண்டுபிடிச்சா என்ன பண்ணுவாங்க?"

"அடைச்சு வச்சுப் பிளேன்ல ஏத்திடுவாங்க. அப்புறம் எந்த நாட்டுக்கும் போக முடியாது. என் ரூம்ல சூடான்காரன் ஒருத்தன் இருக்கான் வானதி. அவன் வீடு நெசமாவே எரிஞ்சுது. அவனையே இன்னும் கூப்பிடல. என்னை மாதிரி ஆளுங்கதான் வரிசைல முன்னாடி நிக்கிறோம். அவன் மூஞ்சியப் பாக்க முடியல."

அடுத்த பஸ்ஸிலேயே அவள் கூத்தாநல்லூர் போனாள். யூனுஸ் ஸ்டுடியோ வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"எடுக்கணுமா? ஏங்கக்கா, ட்ரோன் ஆடுதா?"

"இல்ல. கண்ணு படுது."

"கண்ணு பட்டா பூசணிக்காய் உடைங்க. என் சேனலை ஏன் உடைக்கிறீங்க? இதப் பாத்துட்டு ரெண்டு கல்யாணம் புக் ஆயிருக்கு."

"யூனுஸ், காரணம் கேக்காம எடுத்துடு. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

கேலிக்குத் தயாராகத் திறந்த வாயை அவன் மூடிக்கொண்டான். அவள் கண்ணெதிரிலேயே வீடியோவை அழித்தான். "வாட்ஸப்ல போனது என் கைல இல்லக்கா" என்றான்.

மறுநாள் காலை, எடை போட வந்த ஆளுக்குக் காட்ட வீடியோவைத் தேடிய பஞ்சநதம் அது கிடைக்காமல் வீட்டுக்குள் வந்தார். வானதிக்கு மறைக்கத் தெம்பில்லை. சொல்லிவிட்டாள். அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தாள். அவரோ வாய்க்கால் தகராறைக் கேட்பவர்போலக் கேட்டுக்கொண்டார்.

"இவ்வளவுதானா? எதுலயும் ரெண்டு பக்கம் உண்டும்மா. இந்தப் பக்கம் பேசி வச்சா அந்தப் பக்கம் அடங்கிடும். நான் பாத்துக்கறேன்."

"யாரைப் பாக்கப் போறீங்க மாமா?"

"பாக்க வேண்டிய ஆளைத்தான்."

வக்கீலைப் பார்க்கப் போகிறார் என்று அவள் நினைத்தாள். டாட்டா ஏசில் ஒரு மூட்டை புது அரிசி ஏறியதை அவள் பார்க்கவில்லை.

அவர் மதியத்துக்கு முன்பே திரும்பினார். வண்டியில் அந்த மூட்டை அப்படியே இருந்தது. செருப்பைக் கழற்றாமல் புது டைல்ஸ் மேல் வந்து நின்றார்.

"என்ன மாமா?"

"இன்ஸ்பெக்டரைப் பாத்தேன். லண்டன்லேருந்து யாராச்சும் விசாரிச்சா, 'ஆமா, அவன் வந்தா விட மாட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார், பையன் பொழச்சுக்குவான்னு கேட்டேன்."

வானதி கிட்டே வந்தாள். "அவரு?"

"சிரிச்சாரு. கதவைச் சாத்திட்டு உக்காரச் சொன்னாரு. டீ வந்துச்சு. பையன் வேற என்னென்ன சொல்லிருக்கான்னு பொறுமையா கேட்டாரு. நானும்..."

"எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா?"

"ஒளிச்சா சந்தேகப்படுவாருன்னு சொன்னேன்மா. எல்லாம் கேட்டுட்டு, 'வெள்ளைக்காரன் ஆபீஸ்ல என்னைக் கொலைகாரன்னு எழுதி வச்சிருக்கான். பரவால்ல பெரியவரே, ஒரு நாள் வருவான்ல'ன்னாரு." பஞ்சநதம் வண்டிப் பக்கம் கை காட்டினார். "மூட்டையத் திருப்பி ஏத்தச் சொல்லிட்டாரும்மா."

இத்தனை வருஷ வியாபாரத்தில் அவர் கொடுத்தது எதுவும் எந்த ஆபீஸிலிருந்தும் திரும்பி வந்ததில்லை. அவர் உட்கார்ந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

சாப்பாடு அடுப்பிலேயே ஆறியது. வெயில் சாயும் நேரத்தில் ஒரு கான்ஸ்டபிள் பைக்கில் வந்தார். விழாவில் பந்தி முழுக்கச் சிரித்துப் பேசியவர். இன்றைக்கு உள்ளே வரவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்று, பிளெக்ஸையும் வீட்டையும் போனில் படம் எடுத்தார்.

"தம்பி எப்ப வர்றாருன்னு ஐயா கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"இப்பைக்கு வர மாட்டாங்க" என்றாள் வானதி.

"வந்தா எந்த ஏர்போர்ட்டுன்னு மட்டும் சொல்லிடுங்க. நாங்களே வந்து கூட்டிக்கறோம்."

மரியாதையாகத்தான் சொன்னார். பைக் போனதும் அவள் கேட்டைச் சாத்தினாள்.

அப்போது பரணி கூப்பிட்டான். குரலில் நேற்றிருந்த கலக்கம் இல்லை. "முடிஞ்சுது வானதி. வீடியோவை அவங்க பாக்கல. ஆனா கேள்வி கேட்ட ஆபீசரம்மா நம்புன மாதிரியும் தெரியல. 'போலீஸ் இப்பவும் உங்களைத் தேடுதா, வீட்டுக்கு வந்துச்சா'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. எனக்கு நடிக்கவே வரல. போகட்டும் விடு. அனுப்புனா அனுப்பட்டும், ஊருக்கு வந்துடறேன். ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சு. அங்க எனக்கென்ன பயம்?"

"வராதீங்க" என்றாள்.

"என்னது?"

அவள் சொன்னாள். மூட்டை திரும்பியது, கான்ஸ்டபிள் படம் எடுத்தது, ஏர்போர்ட் கேட்டது. பஞ்சநதம் பக்கத்தில் நின்று, விலை படியாத சரக்கைப் பார்ப்பதுபோல அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் லண்டன் பஸ் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"நான் ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன்" என்றான் பரணி. "திரும்ப உள்ள போய்ச் சொல்லிடறேன் வானதி. அந்தம்மா இன்னும் உள்ளதான் இருப்பாங்க."

"என்னன்னு சொல்வீங்க?"

"போலீஸ் என்னைத் தேடுது, வீட்டுக்கு வந்துச்சு, ஊருக்கு வந்தா..."

அதைத்தான் அவன் காலையிலிருந்து உள்ளே பொய்யாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.