நானூறு வருசத்துப் பழைய பாட்டு

சமையலறையில் மகள் அந்தப் பாட்டை வாசித்துக் காட்டியபோதே சோதிலிங்கம் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கிற மிதுசா, லண்டன் பட்டினத்துக் கயவர்களை ஒரு பழைய புலவன் திட்டித் தீர்த்த பாட்டை ஜேர்மனியின் எசன் நகரத் தமிழ்ச் சங்க விழாவுக்காகத் தமிழாக்கியிருந்தாள். முதலில் வட்டிக்காரன், பிறகு பெருந்தீனிக்காரன், மூன்றாவதாகப் பக்தி வேடக்காரன்.

"கண் வானத்தைப் பார்க்கும், கை கூலிக்காரனின் அப்பத்தைப் பிய்க்கும்."

"உந்த மூண்டாவது ஆளை விட்டிடு, பிள்ளை. தபோதரன் முன்வரிசையில இருப்பார்."

தபோதரன் சங்கத் தலைவர். கோயில் தேருக்கு முதல் வடம் பிடிப்பவர். சோதிலிங்கம் வேலை செய்கிற துப்புரவுக் கொம்பனியும் அவருடையதுதான். ஆட்கள் வேலை செய்த மணித்தியாலங்களில் பாதியை அவர் சம்பளக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவது எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறப்பதில்லை. மார்கழியோடு சோதிலிங்கத்தின் ஒப்பந்தம் முடிகிறது. இந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்?

"அப்பா, அது நானூறு வருசத்துக்கு முந்தின பாட்டு. அவரை எப்பிடி அதுக்குள்ள எழுதுறது?"

"சனம் லண்டனைப் பாக்காது, பிள்ளை. அவரைத்தான் பாக்கும்."

மூன்றாவது ஆளை அவள் விடவில்லை.

விழாவன்று மிதுசா மேடையில் வாசிக்க, வட்டிக்காரனுக்கு மண்டபம் குலுங்கிச் சிரித்தது. தீனிக்காரனுக்கு ஒருவர் எழும்பி, "அது எங்கட இரத்தினம்" என்றார். இரத்தினமும் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தார். மூன்றாவது ஆளை அவள் வாசிக்கத் தொடங்கியதும் எல்லாச் சத்தமும் அடங்கியது. கதிரை கிறீச்சிடவில்லை. சனம் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மௌனம் விரல் நீட்டுவதுபோல் முன்வரிசையைக் காட்டியது.

தபோதரனின் பிடரி சிவப்பதைப் பின்வரிசையிலிருந்து சோதிலிங்கம் கண்டார். யாராவது சிரித்தால் போதும், எல்லாம் வெறும் பகிடியாகிவிடும். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் சோதிலிங்கமே வாயைத் திறந்தார். பெரிதாகச் சிரித்தார். யாராவது சேருவார்கள் என்று இன்னும் உரக்கச் சிரித்தார். பக்கத்தில் இருந்த, அதே கொம்பனியில் வேலை செய்கிற தேவமலர் தன் கதிரையை மெல்ல அப்பால் இழுத்தாள்.

தபோதரன் திரும்பினார். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் சோதிலிங்கத்தைப் பயமுறுத்தியது.

"சோதியண்ணை, ஆரை நினைச்சுச் சிரிச்சனீங்கள்?"

மிதுசா மேடையில் வாசிப்பை நிறுத்திவிட்டாள். சோதிலிங்கத்தின் வாய் சிரித்தபடியே இருந்தது, மூட முடியவில்லை.

"சொல்ல ஏலாதோ? பரவாயில்லை. நாளைக்கு வேலைக்குப் போகாதேங்கோ, அண்ணை. உங்கட ஒப்பந்தத்தையும் கொண்டு என்னட்டை வாங்கோ."