எதிர்ப்பை அடக்கும் மாத்திரை

வெல்டருக்கு மருந்துக்கடைக்காரர் சொன்னால் அதுதான் வேதவாக்கு.

"உன் பொண்டாட்டிக்கு எதிர்ப்பு சக்தி ஜாஸ்திப்பா. பிள்ளையில பாதி நீதானே? உடம்பு அதை அந்நியம்னு நெனச்சு அடிச்சுத் தள்ளிடுது. கொஞ்சம் அடக்கி வெச்சா நிக்கும்."

இரண்டு கருவைப் பறிகொடுத்திருந்தவனுக்கு அது பளிச்சென்று புரிந்த மாதிரி இருந்தது. வீட்டில் ஒத்து ஊதவும் ஆள் இருந்தது. "உண்டானதையே திங்கிற வயிறு" என்று அவன் அம்மா மருமகள் காதுபடவே சொல்லுவாள்.

மூன்றாம் முறை நாள் தள்ளிப்போனதும் மாத்திரை ஆரம்பமானது. தையல் மெஷின் முன் உட்கார்ந்தபடியே அவள் வேளை தவறாமல் விழுங்கினாள். முகம் உப்பியது. பிள்ளைக்களை என்றார்கள்.

ஐந்தாம் மாதம் விரலில் ஊசி ஏறிய இடம் சீழ் வைத்தது.

"ஏங்க, ஊசி குத்தினது இத்தனை நாளா ஆறாம இருக்குமா?"

"ஆறிடும். மாத்திரையை மட்டும் விட்டுடாதே."

நாலாம் நாள் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. வயிறு கல்லாக இறுகியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த அன்று மத்தியானமே பெண் பிள்ளை பிறந்தது. மூச்சில்லை.

டாக்டரம்மா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எதிர்ப்பு சக்தி பிள்ளைக்கு எதிரின்னு யாருய்யா சொன்னது? கருப்பையில இருக்கிற எதிர்ப்பு அணுக்கள்தான் தாயோட ரத்தக்குழாயை அகலமாக்க உதவுது. அப்பதான் நஞ்சுக்கொடி வேர் பிடிச்சுப் பிள்ளைக்கு ரத்தம் போகும். பிள்ளையை ஏத்துக்கிறதும் அதுதான், கிருமியைத் தடுக்கிறதும் அதுதான். சில நோவுக்கு நாங்களும் இந்த மாத்திரையைக் குடுப்போம், பரிசோதனை பண்ணி, அளவு பார்த்து. நீங்க மாசக்கணக்கா அள்ளிக் குடுத்திருக்கீங்க. புண்ணுல இருந்த கிருமி ரத்தத்துல ஏறிடுச்சு."

"முன்னாடி போன ரெண்டும்..?"

"யாரும் பரிசோதிக்கலையே, எனக்குத் தெரியாது. ஆனா அவங்க உடம்புதான் கொன்னுச்சுன்னு சொல்ல ஒரு ஆதாரமும் இல்ல."

அவள் பிழைத்து எழுந்து உட்காரப் பத்து நாள் ஆயிற்று. அன்று அவன் கட்டில் ஓரம் நின்று எல்லாவற்றையும் சொன்னான்.

"இதை உங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"வெளியிலதானே உக்காந்திருக்காங்க. சொல்லிட்டு வாங்க. இங்க கேக்கணும்."

அவன் வாசலுக்குப் போனான்.

"அவ உடம்புல ஒரு குறையும் இல்லம்மா. நான் குடுத்த மாத்திரைதான் இந்தப் பிள்ளையைக் கொன்னுடுச்சு."

"வாயைக் கழுவுடா!" என்றாள் அம்மா.

அவன் இன்னும் உரக்கச் சொன்னான். நர்ஸ் அதட்டினாள். உள்ளே அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, பிள்ளை போனதிலிருந்து முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு அனுப்பிய அன்று அவள் தன் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடப் போனான். பஸ் வந்ததும் அவள் பையை வாங்கிக்கொண்டாள். அவனை வரச் சொல்லவில்லை.