எந்தக் கூரை வேண்டும்?

அந்த கார் விற்பனைக் கூடத்தில் அவனுக்கு 'வாய்ப்பந்தல்' என்று பெயர். ஸ்போர்ட்ஸ் காரின் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தானானால், வேடிக்கை பார்க்க வந்தவரும் சாவியைக் கேட்டுவிடுவார்.

அன்று காலை சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நீச்சல் பயிற்சியாளர். கூடவே அவள் தம்பி. வாய்ப்பந்தல் நேரே தம்பியிடம் போய்க் கை நீட்டினான்.

"வாங்க சார். அக்கா பக்கத்து சீட்டுல சௌகரியமா உட்காரணும், அதானே? திறக்காத கூரை இருக்குற இந்த கூபே பாருங்க. கெட்டியான கூரை. உள்ளே சத்தமே வராது."

"ஓட்டப்போறதே அக்காதாங்க. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் கையாலேயே இயக்குற மாதிரி மாத்திக்குவாங்க."

"ஓ! அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும் சார்?"

"அக்காவுக்குக் காது நல்லாக் கேட்கும்," என்றாள் அவள்.

அவன் முகம் சுண்டிப்போனது. அவள் கூபேயின் கதவைத் திறந்து பார்த்தாள்.

"கூரை ரொம்பத் தாழ்வு. நாற்காலியைக் கழற்றி உள்ளே இழுக்க இடமில்ல. நடுரோட்டுல விட்டுட்டுப் போகவா?" அடுத்த காரைக் காட்டினாள். "இதுல கூரையோட நடுப்பலகையைக் கையால தூக்கி எடுக்கணும். அதுக்கு எழுந்து நிக்கணும். அந்த மடியுற இரும்புக் கூரை நல்லாத்தான் இருக்கு, ஆனா மடிஞ்சா டிக்கி முழுக்க அடைச்சுக்கும். என் பயிற்சிச் சாமானெல்லாம் எங்க வைப்பேன்? எனக்குத் துணிக் கூரைதான். காத்து இரையும், கத்தி பட்டா கிழியும். தெரிஞ்சுதான் கேக்குறேன்."

எட்டு வருஷமாக அவன் இந்தக் கூரைகளைப் புகழ்ந்து விற்கிறான். அவற்றின் கீழே நுழையப்போகும் மனிதரைப் பற்றி ஒரு நாளும் யோசித்ததில்லை.

துணிக் கூரை காரின் சாவியை அவனிடம் கேட்டு வாங்கி, அதிலிருந்த பொத்தானை அவள் அழுத்த, கூரை மடிந்து பின்னால் ஒடுங்கியது. ஒரு கை காரின் இருக்கையில், ஒரு கை நாற்காலியில். அடுத்த நொடி ஓட்டுநர் இருக்கையில் இருந்தாள். கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். வெளியே சாய்ந்து நாற்காலியின் சக்கரங்களைக் கழற்றிப் பக்கத்து இருக்கையில் போட்டாள். கடைசியாக நாற்காலிச் சட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கினாள். கூரை இருக்கவேண்டிய இடத்தின் வழியாக அது வளைந்து போய், சக்கரங்களின் மேல் சத்தமில்லாமல் இறங்கியது.

தம்பி கைகட்டி நின்றிருந்தான். வாய்ப்பந்தல் காரின் அருகே வந்தான்.

"மழை பெய்தா என்னங்க பண்ணுவீங்க?" முதன்முறையாக அவளிடமே கேட்டான்.

"அரை நிமிஷம் நனைவேன். யாரையும் எதிர்பார்க்காம வெளியே போறதுன்னா, நனைஞ்சா என்ன?"

அப்போது மேலாளர் வந்தார். தம்பியின் தோளில் கைவைத்து, "அவங்களுக்கு வண்டி பிடிச்சிருக்கா சார்?" என்றார்.

"சார், அவங்க இங்கதான் இருக்காங்க. அவங்ககிட்டயே கேளுங்க," என்றான் வாய்ப்பந்தல். "நானும் இப்பதான் அந்தத் தப்பைப் பண்ணேன். கால் நடக்கலைன்னா, தனக்கு என்ன வேணும்னு தெரியாதவங்கன்னு அர்த்தமா? அவங்க வாழ்க்கையை அவங்கதான் முடிவு பண்ணணும். கூட வந்தவங்களும் இல்ல, நாமளும் இல்ல."