நெய்ப்பந்தம்

நுரை காய்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நாகராஜ் குனிந்து மழித்துக்கொண்டிருந்தான். உயிரோடு இருந்தபோது தங்கையா பிளேடு வருகிற பக்கம் பார்த்துக் கன்னத்தை உப்பிக் கொடுப்பார். இப்போது தோலை அவனே இரண்டு விரலால் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

பட்டாளத்தை விட்டு வந்த பிறகும் தாடியோடு தெருவில் இறங்காத மனிதர். கடைசி மாதங்களில் கை நடுங்கத் தொடங்கியதும், மாலையில் கப்பல் வேலை முடிந்து வரும் நாகராஜ்தான் மழித்துவிட்டான். அந்த நேரத்தில் அவர் பேசுவார். நேற்று மாலையும் பேசினார். பேசி முடித்துக் கண்ணை மூடியவர் அப்புறம் திறக்கவில்லை.

"முடிஞ்சிருச்சா?" என்று வாசலில் இருந்து சுகிர்தா கேட்டாள். அழுது அழுது அவள் குரல் கட்டிப்போயிருந்தது.

"மீசை மட்டும் இருக்கு."

"மாமாவுக்கு ரெண்டு பக்கமும் சரியா இருக்கணும்."

அவனும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவான். புருஷனும் பெண்சாதியும் ஒரே ஆளை மாமா என்று அழைப்பது புதிதாகப் பார்ப்பவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். சுகிர்தா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். கல்யாணமான மறு வருஷமே தங்கையாவின் ஒரே மகன் பெரார்கஞ்ச் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். அதன்பிறகு அவளை மகளாக வைத்து நாகராஜுக்குக் கட்டிக்கொடுத்தவர் தங்கையா.

அதற்கு முன் அவர் செய்த காரியம் நாகராஜுக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது. அப்போது அவன் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலில் லஸ்கர், கயிறு கட்டித் தளம் கழுவும் வேலை. தாய் தகப்பன் இல்லாதவன். மேல்தட்டில் ஒரு பெரியவர் அடிக்கடி வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். ஹேவ்லாக்கில் இறங்குவார், அதே கப்பலில் திரும்பிவிடுவார். சொந்தக்காரர் யாரையாவது பார்க்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டான். ஒருநாள் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தவனை அவர் டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

"எம் மகன் போயிட்டான் தம்பி. மருமக எங்ககூடத்தான் இருக்கு. எங்க ரெண்டு பேத்தையும் பாத்துக்கிட்டே அது கெழவியாயிரும். எனக்கு அது வேணாம். நீ கட்டிக்கிறியா?"

நாகராஜ் டீ கிளாசைக் கீழே வைத்தான். ஏன் என்னைக் கேட்கிறீர்கள் என்றான்.

"கப்பல்ல சனங்க வாந்தியெடுத்துப் போட்டத நீதான் கழுவுன. ஒரு நாளும் மூஞ்சி சுளிக்கல. அதப் பாக்கத்தான் வந்தேன்." எழுந்தபோது அவன் தோளைத் தட்டினார். "ஆறுதலா யோசிச்சுச் சொல்லு. பரிதாபப்பட்டு மட்டும் சரின்னு சொல்லாத."

மீசையைச் சரிசெய்து முகத்தைத் துடைத்துவிட்டு நாகராஜ் நகர்ந்து நின்றான். வெளியே தார்ப்பாயின் மேல் மழை தட்டிக்கொண்டிருந்தது. முன்னாள் ராணுவத்தினர் சிலர் மலர் வளையத்தோடு வந்திருந்தார்கள். அவர்களில் வயதான வங்காளி ஒருவர், மகனா என்று இந்தியில் கேட்டார். நாகராஜ் கொஞ்சம் தயங்கி, "தாமாத்", மருமகன், என்றான். அவர் நாகராஜின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தங்கையா பனிமலையில் லாரி ஓட்டிய கதையைச் சொன்னார். எல்லாம் நாகராஜ் கேட்ட கதைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சின்ன வயதில் கப்பலேறி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு வந்த பையன், லடாக்கில் இன்ஜின் உறையாமலிருக்க அடியில் தீ மூட்டிக் காவல் இருந்திருக்கிறான். இங்கிருந்து டின்னில் கருவாடு கொண்டுபோய் அங்கே வறுத்து, பாசறையில் இருந்தவர்களையெல்லாம் வாடை தாங்காமல் பனிக்குள் ஓடவைத்திருக்கிறான். சண்டையைப் பற்றி மாமா ஒரு வார்த்தை பேசியதில்லை. லீவைப் பற்றித்தான் பேசுவார். லாரி, ரயில், சென்னைக் கப்பல், அப்புறம் கச்சால் கப்பல் என்று மாறி மாறி வந்து சேரும்போது பாதி லீவு தீர்ந்திருக்குமாம். மீதி நாளில் மனைவியை அடுப்படிக்கே விடமாட்டாராம்.

அந்த மனைவி சரசு இப்போது தலைமாட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

நாகராஜ் அவளைப் பார்த்தான், வழக்கம்போலப் பார்வையைத் திருப்பிக்கொண்டான். அவன் கல்யாணத்துக்கு அத்தை வரவில்லை. மகன் இருந்த இடத்தில் இன்னொருவனைப் பார்க்க முடியாது என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டாள். நாகராஜும் சுகிர்தாவும் பக்கத்து மனையில் வீடு கட்டிக் குடிவந்த பிறகும் அவனை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. கெட்ட வார்த்தை ஒன்றும் சொன்னதில்லை, குழம்பு வைத்தால் கொடுத்தனுப்புவாள். அவர்கள் மகள் பானு பிறந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியது அவள்தான். தங்கையா அந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கித் திரிந்தார், பள்ளிக்கூட பஸ்சுக்கு தினமும் கூடவே நடந்தார். ஆனால் யாராவது பிள்ளை யாரென்று கேட்டால் சரசு, "சுகிர்தா புள்ள" என்பாள். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

தங்கையாவின் அண்ணன் மகன் சுரேந்திரன் வந்திருந்தான். கொள்ளி வைப்பது அவன்தான் என்று முடிவானது. அதில் நாகராஜுக்குக் குறை ஒன்றுமில்லை. குளிப்பாட்டி, கோட்டும் பதக்கங்களும் அணிவித்து, எல்லோரும் வாய்க்கரிசி போட்டார்கள். கச்சால் நாளிலிருந்து பழக்கமான அழகர்சாமிதான் சடங்குகளைச் சொல்லிச் சொல்லிச் செய்தார்.

"அடுத்து நெய்ப்பந்தம். பேரப்புள்ளைங்க வாங்க" என்று பழக்கத்தில் கூப்பிட்டவர், சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

சுரேந்திரனின் பிள்ளைகள் கடல் தாண்டி மெயின்லேண்டில் படித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் யாரோ, பேரன் பேத்தி இல்லாத வீடு, அதை விட்டுவிட்டு மேலே நடக்கட்டும் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. மழை வலுத்துக்கொண்டிருந்தது.

பானு தூணோரமாக நின்றாள். நேற்றுப் போட்ட பள்ளிக்கூடச் சீருடையைக்கூட மாற்றவில்லை. சுகிர்தா தரையைப் பார்த்தாள். நாகராஜுக்கோ, இந்த வீட்டில் கேட்காமலே எவ்வளவோ கிடைத்திருக்கிறது, இதையும் வாய்விட்டுக் கேட்பதா என்று இருந்தது.

சரசு தரையில் கையூன்றி எழுந்தாள்.

"அழகண்ணே, பந்தத்தச் சுத்துங்க."

"யாருக்கு சரசு?"

"எம் பேத்தி நிக்கிறாள்ல."

அழகர்சாமி அவளையும் தூணையும் மாறிமாறிப் பார்த்தார். ஒருத்தி பின்னாலிருந்து, அது சுகிர்தாவுடைய இரண்டாவது கல்யாணத்துப் பிள்ளை, என்று தொடங்கினாள். சரசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அவரு தோள்ல வளந்த புள்ள. அவருக்கு அது எப்பவும் பேத்திதான். எனக்குத்தான் வாய் வரல." அப்புறம் நேராக நாகராஜிடம் வந்தாள். "மாப்பிள்ள, அடுப்படில மேல் தட்டுல நெய் இருக்கு. எடுத்துட்டு வாங்க."

அடுப்படியில் நெய்ப்பாட்டில் கண்ணெதிரிலேயே இருந்தது. அதை எடுக்க நாகராஜுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான்.

குச்சியில் துணியைச் சுற்றி நெய்யில் தோய்த்துப் பற்றவைத்தார் அழகர்சாமி. பானு அதை ஏந்திக்கொண்டு தாத்தாவைச் சுற்றி வந்தாள். ஈரக்காற்றில் சுடர் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. சரசு பின்னாலேயே நடந்து, முந்தானையை விரித்து மழைச்சாரலை மறைத்துக்கொண்டு வந்தாள். வங்காளிப் பெரியவர் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்.

பாடையின் முன்பக்கம் சுரேந்திரனும் நாகராஜும் தோள் கொடுத்தார்கள். வயல் வரப்பு தாண்டி மேடு ஏறும்போது சுரேந்திரன், "மச்சான், கல்லு இருக்கு, பாத்து வைங்க" என்றான். சுடுகாட்டில் மழை விட்டிருந்தது. விறகு நனைந்திருக்குமோ என்று பயந்தார்கள். அதெல்லாம் நன்றாகவே பிடித்துக்கொண்டது. தீ எழுந்தபோது நாகராஜ் கும்பிட்டான். மாமா என்று மனசுக்குள் கூப்பிட்டான்.

ஓடையில் முழுகிவிட்டு வந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சியும் துவையலும் வந்திருந்தன. பின்வாசல் படியில் சரசுவும் பானுவும் உட்கார்ந்திருந்தார்கள். பானுவின் மணிக்கட்டில் நெய் சொட்டிக் கொப்புளம் எழும்பியிருந்தது. அதை இப்போதுதான் சரசு கண்டுபிடித்திருந்தாள்.

"சுட்டுச்சா?"

"ம்."

"கீழ போட வேண்டியதுதானடி?"

"போட்டா அணைஞ்சிரும்ல பாட்டி."

சரசு கிண்ணத்தில் இருந்த தேங்காயெண்ணெயை விரலில் தொட்டுக் கொப்புளத்தைச் சுற்றித் தடவினாள். ஈர வேட்டியோடு நாகராஜ் படிக்குக் கீழேயே நின்றுவிட்டான். சரசு அந்தச் சின்னக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, குனிந்து, மெதுவாக ஊதிக்கொண்டிருந்தாள்.