மூணே மூணு ஓட்டை

1

இந்தக் கதையை நான் திருடினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவமனை கேன்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவன் போனில் உரக்கப் பேசிக்கொண்டிருந்தான்.

"அக்காவுக்கு கிட்னி வெச்சாச்சு, நல்லா வேலை செய்யுதாம். குடுத்தது யாரா? நம்ம வீட்டுக்காரிதான். அவளுக்கு ஒண்ணுமில்லப்பா. இப்பல்லாம் வயித்தக் கிழிக்கிறதில்ல. மூணே மூணு ஓட்டைதான்."

அந்த 'மூணே மூணு' காதில் ஒட்டிக்கொண்டது. காபிகூட வாங்காமல் திரும்பிவிட்டேன். (பொய். வாங்கினேன். ஆறிப்போயிருந்தது.)

2

முதல் தொடக்கம்: 'அறுவை அரங்கின் வெள்ளை விளக்குகள் ஒவ்வொன்றாக—'

வேண்டாம். அப்போது அந்த வீட்டுக்காரி மயக்கத்தில் இருந்தாள். கற்பனையில் விளக்கைப் பார்த்தது நான்தான். அவள் விழித்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

அவளுக்கு அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை. நாளெல்லாம் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். நாத்தனாருக்குச் சிறுநீரகம் கொடுத்த மறுநாள், வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அவளைப் பிடுங்கி எடுத்தது.

"ஆபரேஷன் வயித்துல, வலி தோள்பட்டையிலயா?" கணவன் சிரித்தான். "சும்மா சீன் போடாத."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கேமராவும் கருவிகளும் நடமாட இடம் வேண்டுமென்று வயிற்றுக்குள் வாயுவை நிரப்புவார்கள். மிச்சம் தங்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத்தை உறுத்த, நரம்பு அந்த வலியைத் தோளில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நிஜமான வலிதான், விலாசம் மட்டும் மாறிவிட்டது. இன்னொன்று: அந்த ஓட்டைகள் வழியாகச் சிறுநீரகம் முழுசாக வெளியே வராது. அதற்கு அடிவயிற்றில் தனியாக ஒரு வெட்டு உண்டு. அதைக் கணவன் கணக்கில் சேர்க்கவில்லை.]

3

ஏன் கொடுத்தாள்?

'நாத்தனாரை அவள் தன் தாயாகவே—' அடித்துவிட்டேன். அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அவளைக் 'கத்திரிக்காரி' என்றே கூப்பிடுகிறவள். 'வேறு யாருடையதும் பொருந்தவில்லை' என்று மாற்றினேன். அது நிஜம்தான், ஆனால் காரணமாகத் தெரியவில்லை. கடைசியில் அவளையே கேட்டேன்.

"குடுக்கணும்னு தோணுச்சு, குடுத்தேன். இதுல என்ன எழுதப் போறீங்க?"

நன்றிகூட அவளுக்கு வேண்டாம். தன் உடம்பிலிருந்து ஒன்று போயிருக்கிறது என்பதை அந்த வீட்டில் ஒருவராவது நம்ப வேண்டும், அவ்வளவுதான். வந்த சொந்தக்காரர்களோ நாத்தனாரைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பைகளை வைக்க இடமில்லாமல் இவள் கட்டிலில் வைத்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

4

மூன்றாம் நாள் நாத்தனாரை நடக்கப் பழக்குகிறார்கள். முகக்கவசத்தோடு, நர்ஸின் கையைப் பிடித்தபடி, இவள் அறை வாசலில் வந்து நிற்கிறாள்.

முடிவு அ: "நீ மனுஷியே இல்ல, தெய்—" போதும். அந்த வாய்க்கு அது வராது.

முடிவு ஆ: ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போகிறாள். இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவதை நான் யோசிப்பதற்குள் கணவன் முந்திக்கொண்டான். "இங்க பாருக்கா, இன்னும் தோள்பட்டை வலிக்குதுன்னு படுத்திருக்கா."

நாத்தனார் தம்பியின் பக்கமே திரும்பவில்லை. மெல்ல நடந்து கட்டிலருகே வந்தாள். மூச்சு வாங்கியது.

"எந்தத் தோளுடி?"

5

மேலே போய்ப் பாருங்கள். அவள் வலியைப் பற்றி உதரவிதானம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். எந்தத் தோள் என்று நான் கேட்கவேயில்லை. கணவனைத் திட்டுகிற மும்முரத்தில் எனக்கு அது தோன்றக்கூட இல்லை.

அதனால் முடிவை எழுதும் உரிமை எனக்கில்லை. ஊசி செருகிய கையை நாத்தனார் நீட்டிவிட்டாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் அது அந்தரத்தில் நிற்கிறது. அவளும் பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். நான் வாசலில் நிற்கிறேன், எனக்குக் கேட்காது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். கொஞ்சம் குனிந்து கேட்டுச் சொல்லுங்கள், இடதா, வலதா?