வியாழக்கிழமை எச்சில்

பல் மருத்துவக் கல்லூரி நேர்காணலில் ஒரு கேள்வி தவறாமல் வரும் என்று எனக்கு முன்னால் போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆராய்ச்சியில் நீ என்ன கண்டுபிடித்தாய்?

என் மதிப்பெண்கள் சுமார். பேச்சு அதைவிடச் சுமார். விண்ணப்பத்தில் இருந்த ஆராய்ச்சி அனுபவம்தான் என்னைக் கரையேற்ற வேண்டும். என்னோடு படித்தவர்கள் சிலரின் பெயர் கட்டுரைகளில்கூட வந்துவிட்டது. நானோ இளங்கலையில் சேர்ந்ததிலிருந்து வெண்டெலின் எச்சிலைச் சேகரித்துக்கொண்டிருந்தேன்.

வெண்டெல் எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர். நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஒரு பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர். வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள். திங்களும் வியாழனும் மதியம் எச்சில் ஊற ஒரு மெழுகுத் துண்டை மென்றுகொண்டே, ஐஸில் வைத்த குழாயில் துப்புவார். அந்த எச்சிலைப் பல்லைப் போன்ற சின்ன வில்லைகளில் பூசி, அதன்மேல் சொத்தைக் கிருமிகளை வளர்ப்பது என் வேலை. மறுநாள் சாயம் ஊற்றினால், கிருமி பிடித்த வில்லை ஊதாவாகும்.

திங்கட்கிழமை வில்லைகள் திராட்சைச் சாற்றில் முக்கியதுபோல வந்தன. வியாழக்கிழமை வில்லைகள் வெளுத்தே கிடந்தன. வாராவாரம் இதே கதை.

எங்கள் பேராசிரியர் டாக்டர் கிளாசன் வில்லைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஒரே ஆளு, ஒரே வாய், ஒரே கிருமி. வியாழக்கிழமை மட்டும் அதுக்கு என்ன விரதமா, லீனா?"

"தெரியல டாக்டர்."

"நேர்காணலுக்கு முன்னாடி காரணத்தைக் கண்டுபிடி. முடியலைன்னா வியாழக்கிழமையைத் தூக்கிப் போட்டுடலாம்."

தூக்கிப் போட்டால் என் ஆராய்ச்சியில் பாதி போய்விடும். மீதிப் பாதியை யாரும் நம்பமாட்டார்கள். நான் தண்ணீரை மாற்றினேன். சாயத்தை மாற்றினேன். வில்லைகளை வேறு தட்டில் வைத்தேன். எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தேன். வெண்டெலிடம் மட்டும் கேட்கவில்லை. ஒருவரிடம் போய், உங்கள் எச்சிலில் கோளாறு என்று எப்படிச் சொல்வது?

தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. வியாழக்கிழமைகளில் அவர் எனக்குக் காபி வாங்கிவருவார். வெனிலா போட்டது. எதுவும் சொல்லாமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். அவர் மனதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் தரையைப் பார்த்தபடி நன்றி சொல்வேன்.

அந்த வியாழக்கிழமையும் காபியை வைக்கக் குனிந்தார். புதினா வாசம் அடித்தது. திங்கட்கிழமைகளில் அவரிடம் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின் பூண்டு வாசம்தான் வரும்.

"வெண்டெல்."

"ம்?"

"இன்னிக்குப் பல் தேச்சுட்டு வந்தீங்களா?"

அவர் முகம் சுருங்கியது. "துப்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி தேய்க்கக்கூடாது, திங்கக்கூடாது, குடிக்கக்கூடாதுன்னு விதியில போட்டிருக்கே. நான் மீறுவேனா? காபியைக்கூட உங்கிட்டதானே தள்ளிவிடறேன்."

"அதுக்காகத்தான் தர்றீங்களா?"

"பின்ன, கொட்டவா முடியும்?"

ஒரு பக்கம் நிம்மதி. இன்னொரு பக்கம் லேசான கோபம்.

"குடிக்க முடியாத காபிய எதுக்கு வாங்கறீங்க?"

இப்போது அவர் தரையைப் பார்த்தார். நான் விடவில்லை.

"புதினா வாசம் வருதே."

"அது வாய் கொப்பளிக்கற மருந்து. அதப் பத்தி விதியில ஒண்ணும் போடலயே."

"வியாழக்கிழமை மட்டுமா?"

"டெஸ் வியாழக்கிழமை மட்டும்தான் காபிக் கடையில இருப்பா."

அடுத்த அறையில் டாக்டர் கிளாசனின் நாற்காலி கிறீச்சிட்டது. "வெண்டெல்! உன் காதல் என் கிருமியையெல்லாம் கொன்னுடுச்சுடா!"

மறுநாளே சோதித்தோம். கொப்பளிக்கும் முன் ஒரு குழாய், கொப்பளித்த பின் ஒரு குழாய். முதலாவது ஊதா, இரண்டாவது வெள்ளை. ஆனால் ஒரு வியாழக்கிழமை ஊதாவாக வந்தால்தான் எனக்குத் திருப்தி.

"அடுத்த வாரம் கொப்பளிக்காம கடைக்குப் போங்க."

"அவகிட்ட இந்த வாயோடவா?"

"ஆராய்ச்சிக்காக."

என் வாயிலிருந்து இப்படியொரு அதட்டல் வரும் என்று எனக்கே தெரியாது. அவர் போனார். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"தள்ளி நின்னு கையால வாய மூடிக்கிட்டுக் காபி கேட்டேன். பல்வலியான்னு கேட்டா. பொய் சொல்ல வரல. எச்சிலு, கிருமி, எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"இத்தனை நாளும் எனக்காகவா கொப்பளிச்சீங்கன்னு கேட்டா. சனிக்கிழமை பூண்டு ரொட்டி சாப்பிடப் போறோம்."

அந்த வாரத்து வில்லைகள் அப்படி ஓர் ஊதா.

நேர்காணலில் எனக்கு எதிரே டாக்டர் ப்ரூயிட் என்ற நரைமீசைக்காரர் இருந்தார். கேள்வி வந்தது. மேசையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். காபிக்கு வந்தபோது அவர் பேனாவைக் கீழே வைத்தார். புதினாவுக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதற்குள் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

"சரிம்மா, கடைசியா நீ கண்டுபிடிச்சது என்ன?"

"விதியில ஒரு வரி குறையுது டாக்டர். கொப்பளிக்கவும் கூடாது. இப்போ சேர்த்துட்டோம்."

"நல்லது. இது மதிப்பெண்ணுக்கு இல்ல, சும்மா கேக்கறேன். அந்தப் பொண்ணும் அவனும் என்ன ஆனாங்க?"

"என்கிட்ட கார் இல்ல. அவங்க ரெண்டு பேரும்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க. கீழே பச்சை வண்டியில காத்திருக்காங்க."

அவர் எழுந்து ஜன்னலோரம் போனார். கொஞ்சநேரம் பார்த்தார்.

"இப்போ தள்ளி நிக்கலம்மா அவன்."

டிசம்பரில், டெஸ் வேலை பார்க்கும் கடையில் நான் ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சே என்ற இனிப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. இடம் கிடைத்துவிட்டது என்று டாக்டர் ப்ரூயிட்டே சொன்னார். வாயில் ரொட்டியோடு நன்றி சொன்னேன். டெஸ் கல்லாவைத் தாண்டி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கொண்டாட்டமாக மூன்று கோப்பை காபி போட்டாள்.

வெண்டெல் தன் கோப்பையை எடுத்து ஆசையாக முகர்ந்தார். பிறகு சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கோப்பையை என் பக்கம் நகர்த்தினார்.

அன்று வியாழக்கிழமை.